நாட்பட்ட நோயும் நடுநிலைச் சோதனையும்

 

இவ்வறக்கட்டளையின் இவ்வாண்டுச் சொற்பொழிவுக்கு நான் எடுத்துக்கொண்ட விஷயம், காட்டில் பறித்த மூலிகையாயினும் ஆலையில் செய்த மாத்திரையாயினும், நாட்பட்ட நோய்களுக்கென்று நம் மக்கள் தினந்தோறும் உட்கொண்டு வரும் ஔஷதங்கள் மெய்யாகவே குணம் தருகின்றனவா என்பதைக் கண்டறியும் முறையைப் பற்றியதாகும். நீரிழிவு, இரத்த அழுத்தம், மூட்டுவாதம், தோல்படை, ஈரல் நோய் ஆகியவை வந்துவிட்டால் பெரும்பாலும் ஆயுள் முழுவதும் உடன் இருப்பவை. ஆதலால் இவற்றுக்கு மருந்து உண்பவர் இருபது ஆண்டும் முப்பது ஆண்டும் உண்கிறார். அத்தனை காலம் ஒருவர் நம் சொல்லை நம்பி உண்ணப் போகிற பொருளைக் குறித்து, இது உமக்கு நன்மை செய்யும் என்று உறுதி கூறும் உரிமை நமக்கு எதனால் வருகிறது? வைத்தியத் தொழிலின் தர்மத்தில் பெரும்பகுதி இந்த ஒரு கேள்வியைப் பற்றியே நிற்கிறது என்பது என் அபிப்பிராயம்.

இதற்கு இருவகை விடைகள் வழக்கமாகச் சொல்லப்பட்டு வருகின்றன. நம் முன்னோர் நூல்களில் கூறப்பட்டிருக்கிறது, தலைமுறை தலைமுறையாகக் கையாளப்பட்டு வருகிறது, எத்தனையோ பேருக்குக் கொடுத்துக் குணம் கண்டிருக்கிறோம் என்பது ஒன்று. உடலின் இன்ன உறுப்பில் இன்ன வகையாக வேலை செய்வதைச் சோதனைச்சாலையில் கண்டிருக்கிறார்கள், எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தாயிற்று என்பது மற்றொன்று. முன்னது நாட்டு வைத்தியரின் விடை என்றும், பின்னது ஆங்கில வைத்தியரின் விடை என்றும் பிரித்துப் பேசுவது உலக வழக்கம். இவ்விரண்டும் ஓர் ஆராய்ச்சியைத் தொடங்குவதற்கு நல்ல காரணங்களே என்றும், அந்த ஆராய்ச்சியை முடித்துவைக்கும் தகுதி இரண்டிற்கும் இல்லை என்றும் கூறவே நான் இங்கு வந்திருக்கிறேன்.

நாட்பட்ட நோயின் சுபாவத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். அது ஒரே மட்டத்தில் நிற்பதன்று; ஏறும், இறங்கும். மூட்டுவலி தாங்க முடியாத நிலைக்கு வந்த பின்னரே ஒருவர் புதிய வைத்தியரை நாடிச் செல்கிறார். அந்நிலைக்கு வந்த வலி, யாதொரு மருந்தும் இல்லாமலேயே, சில வாரங்களில் ஓரளவு தணிவதும் இயற்கை. ஆடிப்பெருக்கில் ஆற்று நீரை அளந்து, கரையில் ஒரு படையலும் இட்டுவிட்டு, மாசி மாதத்தில் வந்து மறுபடி அளப்பவன், வெள்ளம் வடிந்ததற்குத் தன் படையலே காரணம் என்று நம்பினால் அவனை நாம் பொய்யன் என்று சொல்ல மாட்டோம். அவன் கண்டது உண்மை, முடிவு செய்ததுதான் தவறு. அன்றியும், புதிய சிகிச்சை தொடங்கும் நோயாளி மருந்தை மட்டுமா உட்கொள்கிறார்? பத்தியம் காக்கிறார், நேரத்தோடு உறங்குகிறார், புகையிலையை விடுகிறார், பழைய மாத்திரையையும் வைத்தியருக்குத் தெரியாமல் தொடர்ந்து விழுங்குகிறார். குணம் காணாதவர் திரும்பி வருவதில்லை. கண்டவர் பழத்தட்டோடு வருகிறார். ஆகவே வைத்தியரின் நினைவில் வெற்றிகளே தங்குகின்றன. நாற்பது ஆண்டு அனுபவம் உள்ள நேர்மையான ஒருவர்கூட இந்த மயக்கத்திலிருந்து தன் சொந்த அறிவால் மட்டும் தப்ப முடியாது.

சென்னையில் ஒரு நூற்றாண்டுக்கு முன்பு நடந்த விவாதம் ஒன்று இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. 1918ஆம் ஆண்டில் சென்னை அரசாங்கத்தார் டாக்டர் கோமன் என்பவரை நாட்டு மருந்துகளை ஆராயுமாறு நியமித்தார்கள். அவர் அவற்றை மருத்துவமனையில் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து அறிக்கை எழுதினார். அவ்வறிக்கை சுதேச வைத்தியத்தின் கொள்கைகளைக் குறைத்துப் பேசியது கண்டு வைத்திய சபைகள் வெகுண்டு மறுப்பு வெளியிட்டன. பின்னர் 1921இல் முகமது உஸ்மான் தலைமையில் ஒரு குழு அமைந்தது, கேப்டன் ஜி. சீனிவாசமூர்த்தி அதன் செயலாளராக இருந்து பெரும் உழைப்பு உழைத்தார். 1923இல் வெளிவந்த அதன் அறிக்கையின் பயனாகவே சென்னையில் இந்திய மருத்துவப் பள்ளி தோன்றியது. இரு தரப்பாரும் கற்றவர்கள். இரு தரப்பாரும் நாட்டின் நலத்தை நாடியவர்கள். எனினும் வாதம் பெரிதும் திரிதோஷக் கொள்கை சாஸ்திரமா, அன்றா என்பதைப் பற்றியே சுழன்றது. ஒரே நோயுள்ள நூறு பேரை எடுத்து, பாதிப் பேருக்கு இம்மருந்தைக் கொடுத்தும் பாதிப் பேருக்குக் கொடாமலும், ஒரே காலத்தில் ஒரே கண்ணால் பார்த்தால் என்ன தெரியும் என்ற கேள்வியே கொள்கைச் சண்டையைக் கடந்து நிற்கக்கூடியது. அந்த முறை அப்பொழுது உலகில் எங்குமே முழு உருவம் பெற்றிருக்கவில்லை. ஆதலால் அப்பெரியோர்களைக் குறை கூறுவதற்கில்லை. இன்றும் நாம் அதே வாதத்தையே அதே உஷ்ணத்தோடு நடத்துவதுதான் வருந்தத்தக்கது.

நடுநிலைச் சோதனை என்னும் அம்முறை முழு உருவம் பெற்றது க்ஷயரோகத்தை முன்னிட்டே. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஸ்ட்ரெப்டோமைசின் என்னும் புது மருந்து இங்கிலாந்துக்கு மிகச் சிறிதளவே கிடைத்தது. எல்லோருக்கும் கொடுக்க இயலாத நிலையில், யாருக்குக் கொடுப்பது என்பதை மருத்துவரின் விருப்பத்துக்கு விடாமல், ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில் என்னும் புள்ளியியல் அறிஞர், உறையிட்டு மூடிய சீட்டுகளின்படி பகுத்தார். 107 பேரில் மருந்து பெற்றோர் 55, படுக்கை ஓய்வு மட்டும் பெற்றோர் 52. ஆறு மாதத்தில் முன்னவரில் 4 பேரும் பின்னவரில் 14 பேரும் இறந்தனர். 1948இல் வெளியான இம்முடிவு எல்லோரும் அறிந்ததே. நான் விரித்துச் சொல்ல விரும்புவது, அதற்குச் சில ஆண்டுகளுக்குப் பின் நம் சென்னையிலேயே நடந்த சோதனையை.

1956ஆம் ஆண்டில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும், சென்னை அரசாங்கமும், உலக சுகாதார நிறுவனமும், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் கூடிச் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆராய்ச்சி நிலையத்தை அமைத்தன. அதுவே இன்று சேத்துப்பட்டில் தேசிய நிறுவனமாக வளர்ந்து நிற்கிறது. க்ஷயரோகிக்கு மலைக்காற்றும், பாலும் முட்டையும், மாதக்கணக்கான படுக்கையும் உள்ள ஆரோக்கிய நிலையமே கதி என்று அக்கால மருத்துவ உலகம் முழுவதும் நம்பியிருந்தது. அந்த நம்பிக்கைக்குப் பின்னாலும் பெரிய நூல்கள் இருந்தன, பெரிய பெயர்கள் இருந்தன, நீண்ட அனுபவம் இருந்தது. வாலஸ் ஃபாக்ஸ் என்பவரின் தலைமையில் அந்நிலையத்தார் செய்தது இதுதான்: சென்னையின் ஏழை நோயாளிகள் 193 பேரைச் சீட்டின்படி இரு கூறாக்கி, ஒரு சாராரை ஆரோக்கிய நிலையத்துக்கு அனுப்பி, மற்றவரை அவரவர் வீட்டிலேயே, நெருக்கடியான சிறு குடில்களிலேயே, இருக்கவைத்து, இரு சாராருக்கும் அதே ஐசோனியாசிடும் பாஸ் என்னும் மருந்தும் ஓராண்டு கொடுத்தார்கள். நிலையத்தில் இருந்தவர்கள் நன்றாக உண்டார்கள், நன்றாக ஓய்ந்தார்கள், எடையும் கூடினார்கள். ஆண்டு முடிவில் சளியில் கிருமி ஒழிந்து நோய் அடங்கியவர்கள் ஆரோக்கிய நிலையத்தில் நூற்றுக்கு 92, வீட்டில் நூற்றுக்கு 86. வீட்டில் இருந்தவர்களின் மனைவி மக்களுக்கு அதனால் நோய் அதிகமாகப் பரவவும் இல்லை. 1959இல் இது வெளியானதும், உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சை ஆரோக்கிய நிலையங்களின் வாயிலைத் தாண்டி வீதிக்கு வந்தது. படுக்கை கிடைக்காமல் மாண்டுகொண்டிருந்த ஏழை நாடுகளின் நோயாளருக்கு இதைவிடப் பெரிய உபகாரத்தை எந்தப் புது மருந்தும் அக்காலத்தில் செய்யவில்லை என்று நான் துணிந்து கூறுவேன். நடுநிலைச் சோதனை மேனாட்டுச் சரக்கு, நமக்கு ஒவ்வாதது என்று பேசுவோர், அதன் மிகச் சிறந்த வெற்றிகளில் ஒன்று சென்னைக் குடிசைகளில் கிடைத்தது என்பதை அறிந்துகொண்டு பேசுவார்களாக.

இனி மூலிகைக்கு வருகிறேன். சர்ப்பகந்தியின் வேர் பைத்தியத்துக்கும் உறக்கமின்மைக்கும் வட நாட்டில் நெடுங்காலமாகக் கொடுக்கப்பட்டு வந்தது. 1931இல் கல்கத்தாவில் கணநாத சேனும் கார்த்திக் சந்திர போஸும் அது இரத்த அழுத்தத்தையும் தணிக்கிறது என்று எழுதினார்கள். அதே ஆண்டில் டில்லியில் சலிமுஸ்ஸமான் சித்திக்கி அதிலிருந்து சத்துகளைப் பிரித்து, ஹக்கீம் அஜ்மல் கானின் பெயரால் ஒன்றுக்கு அஜ்மலின் என்று பெயரிட்டார். பம்பாயில் ருஸ்தம் ஜால் வக்கீல் என்னும் இருதய வைத்தியர் 1949இல், 50 நோயாளரைப் பற்றிய தம் கணக்கைப் பிரிட்டிஷ் இருதய வைத்தியப் பத்திரிகையில் வெளியிட்ட பிறகே மேனாடு கண் விழித்தது. 1952இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் சீபா கம்பெனியார் அவ்வேரிலிருந்து ரெசர்பின் என்னும் சத்தைத் தனித்தெடுத்தார்கள். இதுவரை எல்லாம் நாம் பெருமையோடு மேடையில் சொல்லும் கதை. மேடையில் சொல்லப்படாத பிற்பகுதிதான் எனக்கு முக்கியமாகத் தோன்றுகிறது. ரெசர்பின் உண்டவர்களில் சிலர் கடுமையான மனச்சோர்வில் ஆழ்ந்தார்கள் என்ற செய்தி ஒருபுறம் வந்தது. மறுபுறம், இரத்த அழுத்தம் குறைவது சரி, அதனால் ஆயுள் கூடுகிறதா, பக்கவாதம் குறைகிறதா என்று யாருக்கும் தெரியாத நிலையே 1960கள் வரை நீடித்தது. அழுத்தத்தைக் குறைத்தால் தீமையே விளையும் என்று எண்ணிய பெரிய மருத்துவர்களும் இருந்தார்கள்.

அமெரிக்காவில் எட்வர்டு ஃபிரெய்ஸ் என்பவர் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் இதைச் சோதித்தார். இரத்த அழுத்தத்தின் கீழ் அளவு 115 முதல் 129 வரை இருந்த 143 ஆடவரில், 73 பேருக்கு ரெசர்பினோடு ஹைட்ரோகுளோரோதயசைடு, ஹைட்ரலசின் என்னும் இரண்டும் சேர்த்துக் கொடுக்கப்பட்டன. 70 பேருக்கு உருவத்தில் அதே போன்ற, மருந்தில்லாத வெறுமாத்திரை. யார் எதை உண்கிறார் என்பது உண்பவருக்கும் தெரியாது, கவனிப்பவருக்கும் தெரியாது. 1967இல் முடிவு வெளியானபோது, வெறுமாத்திரைப் பிரிவில் கடுமையான கேடுகள் 27. மருந்துப் பிரிவில் 2. நம் நாட்டு வேரின் சத்து ஓர் அங்கமாக இருந்த மருந்துக் கூட்டே, இரத்த அழுத்தத்தைக் குறைப்பது உயிரைக் காக்கும் என்பதை உலகுக்கு முதன்முதல் ஐயமின்றிக் காட்டியது. மூன்றில் எதற்கு எவ்வளவு பங்கு என்று அச்சோதனை பிரித்துச் சொல்லாது. சொல்லாததைச் சொன்னதாக நாமும் பாராட்டிக்கொள்ள வேண்டியதில்லை. ஆயினும், வேர் சோதனைக்கு உட்பட்டதால் அதன் பெருமை சிறுத்ததா, வளர்ந்ததா என்பதை நீங்களே எண்ணிப் பார்க்கலாம்.

எல்லா மூலிகைக் கதையும் இவ்வாறு முடிவதில்லை. நமக்கு மிகவும் நெருங்கிய கீழாநெல்லியை எடுத்துக்கொள்வோம். வயல் வரப்பிலும் வீட்டுக் கொல்லையிலும் மழைக்குப் பின் தானாக முளைக்கும் இச்சிறு செடியைக் காமாலைக்கு அரைத்து மோரில் கொடுப்பதைத் தமிழ்நாட்டில் அறியாதார் இல்லை. அதன் கீர்த்திக்குப் பாதிக் காரணம் காமாலையின் இயல்பே என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். அசுத்த நீரால் பரவும் காமாலை பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானே இறங்கிவிடும். அந்நாட்களில் எதைக் கொடுத்தாலும் அதற்குப் புகழ் சேரும். ஆனால் ஹெப்படைடிஸ் பி என்னும் வைரஸ் சிலருடைய உடலில் ஆண்டுக்கணக்காகத் தங்கி, ஈரலைச் சுருக்கி, சில வேளைகளில் புற்றுநோயிலும் கொண்டுவிடுவது. அது எளிதில் நீங்குவதில்லை. அதனிடத்தில் கீழாநெல்லியின் சக்தி என்ன?

இக்கேள்வியைச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர் தியாகராஜனும் அவருடைய கூட்டத்தாரும், அவ்வைரஸைக் கண்டுபிடித்து 1976இல் நோபெல் பரிசு பெற்ற புளூம்பெர்க்கோடு சேர்ந்து ஆராய்ந்தார்கள். கீழாநெல்லிப் பொடி 200 மில்லிகிராம் வீதம் நாளைக்கு மூன்று வேளை, முப்பது நாள். ஒப்பிடுவதற்கு வெறுமாத்திரை. 1988இல் லான்செட் பத்திரிகையில் வெளியான அவர்களுடைய கணக்கின்படி, மருந்துண்ட 37 பேரில் 22 பேருடைய இரத்தத்தில் வைரஸின் அடையாளம் மறைந்தது. வெறுமாத்திரை உண்ட 23 பேரில் ஒருவருக்கே மறைந்தது. மறைந்தவருள் ஒன்பது மாதம் வரை தொடர்ந்து பார்க்கப்பட்டவர்களுக்கு அது திரும்பவும் தோன்றவில்லை. செய்தி உலகெங்கும் பரவியது. மருந்துக் கடைகளில் கீழாநெல்லி மாத்திரைகள் குவிந்தன.

ஓர் ஆய்வு இவ்வளவு பிரகாசமாக அமைந்தால், அதை விரும்புகிறவனுக்கே அதைக் கடுமையாகக் கேள்வி கேட்கும் கடமை அதிகம். கணக்கில் கொள்ளப்பட்ட இரு பிரிவினரின் தொகையும் 37, 23 என்று ஏன் இவ்வளவு வேறுபடுகிறது? இடையில் விலகியவர் எத்தனை பேர், எப்பிரிவில்? விலகியவர்களும் கணக்கில் சேர்ந்தால் முடிவு என்னவாகும்? இத்தகைய கேள்விகளுக்கு நல்ல விடை, அதே சோதனையை வேறிடத்தில் வேறொருவர் செய்து பார்ப்பதுதான். தாய்லாந்தில் செய்து பார்த்தார்கள்; 1990இல் அதே லான்செட் பத்திரிகையிலேயே, பயன் இல்லை என்று எழுதினார்கள். நியூசிலாந்தில் செய்து பார்த்தார்கள். 1994இல் அவர்களும் அதையே சொன்னார்கள். செடியின் இனம் வேறாக இருக்கலாம், மண் வேறாக இருக்கலாம், பறித்த பருவம் வேறாக இருக்கலாம் என்ற சமாதானங்கள் வந்தன. அவை வீண் சமாதானங்கள் அல்ல. கீழாநெல்லி என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட செடிகள் சந்தையில் கலந்து விற்கப்படுவதை நாம் அறிவோம். ஆனால் ஒரு மருந்தின் சக்தி இவ்வளவு நுண்ணிய காரணங்களைப் பொறுத்தது என்றால், அக்காரணங்களைக் கண்டுபிடித்து, அவற்றின்படி தயாரித்த பொடியைக் கொண்டு மறுபடியும் சோதித்து வென்று காட்ட வேண்டும். அதுவரை கடையில் வாங்கிய பொடியை நம்பி வைரஸ் நோயாளி ஒருவர் இருக்கும் சிகிச்சையைக் கைவிடுவது பெரும் அபாயம். இவ்வளவு ஆண்டுகள் கழிந்தும் அத்தகைய வெற்றி காட்டப்படவில்லை. இப்பொழுது அந்நோயை அடக்கிவைக்கும் மாத்திரைகள் அரசாங்க மருத்துவமனைகளிலேயே இருக்கின்றன. இதைச் சொல்லும்போது என் மனம் மகிழவில்லை. 1988இல் அக்கட்டுரையைப் படித்த தமிழர் யாருக்குத்தான் நெஞ்சு நிமிரவில்லை! ஆயினும் தாய்லாந்து ஆய்வைப் பற்றி நம் பத்திரிகைகளில் யாரும் எழுதக் காணவில்லையே என்ற வருத்தம் எனக்கு அதனினும் பெரிது.

குக்குலு என்னும் பிசினின் வரலாறும் இதற்கு நெருங்கியதே. 1966இல் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் சத்யவதி என்னும் அம்மையார், சுசுருதர் கூறியதைத் தொடர்ந்து, முயல்களின் இரத்தக் கொழுப்பை அப்பிசின் குறைப்பதைக் காட்டினார். லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் அதை மாத்திரையாக வளர்த்தது. 2003இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 103 பேரை எட்டு வாரம் சோதித்தபோதோ, குக்குலு உண்டவர்களுக்குக் கெட்ட கொழுப்புச் சற்றுக் கூடியது. வெறுமாத்திரை உண்டவர்களுக்குச் சற்றுக் குறைந்தது. குக்குலு உண்டவரில் சிலருக்குத் தோலில் தடிப்பும் கண்டது.

மாறாக, சோதனையில் நிமிர்ந்து நின்ற முறைகளும் உண்டு. பௌத்திரத்துக்குக் கள்ளிப்பாலும் நாயுருவிச் சாம்பலின் உப்பும் மஞ்சளும் ஏற்றிய நூலைக் கட்டும் க்ஷாரசூத்திர முறையை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பல ஊர் மருத்துவமனைகளில் அறுவைச் சிகிச்சையோடு ஒப்பிட்டு 1991இல் வெளியிட்டது. ஆறுவதற்கு நூலுக்கு எட்டு வாரமும் கத்திக்கு நான்கு வாரமும் ஆயின. திரும்ப வந்ததோ, கத்தியில் நூற்றுக்கு 11 பேருக்கு, நூலில் 4 பேருக்கே. காலம் அதிகம், மறுவரவு குறைவு என்று இரண்டையும் ஒளிக்காமல் சொன்னதால், எது தமக்கு ஏற்றது என்று நோயாளியே முடிவு செய்யலாம். ஒரு சோதனை நமக்குத் தரவேண்டியது இத்தகைய தெளிவையே.

நீரிழிவைப் பற்றிக் கேட்காமல் என்னை இறங்கவிட மாட்டீர்கள் என்று தெரியும். வேங்கை மரக் குவளையில் இரவு ஊற்றிவைத்த நீரைக் காலையில் பருகும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. அம்மரத்தின் வைரத்திலிருந்து எடுத்த சத்தை, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தார் புதிதாக நோய் கண்ட 97 பேருக்குக் கொடுத்தார்கள். பன்னிரண்டு வாரத்தில் 67 பேருக்குச் சர்க்கரை கட்டுப்பட்டதாக 1998இல் எழுதினார்கள். நல்ல தொடக்கம். ஆனால் அதில் ஒப்பீட்டுப் பிரிவு இல்லை. புதிதாக நோய் கண்டவர் பயத்தினாலேயே இனிப்பை விட்டுவிடுவார் என்பதை நினைக்கும்போது, அந்த 67இல் மரத்தின் பங்கு எவ்வளவு, பத்தியத்தின் பங்கு எவ்வளவு என்று அவ்வாய்விலிருந்து கூற வழியில்லை. பத்தியத்தின் பங்கை அலட்சியமாக எண்ணவேண்டாம். அதையும் சென்னையிலேயே அளந்திருக்கிறார்கள். டாக்டர் ராமச்சந்திரனும் அவர் கூட்டத்தாரும், நீரிழிவின் எல்லையில் நின்ற 531 பேரை நான்கு பிரிவாக்கி, மூன்று ஆண்டு தொடர்ந்து பார்த்து 2006இல் வெளியிட்டார்கள். ஒன்றும் செய்யாத பிரிவில் நூற்றுக்கு 55 பேர் நோயாளிகளானார்கள். நடையும் உணவு நெறியும் கற்பிக்கப்பட்டவரில் 39 பேர். மெட்ஃபார்மின் மாத்திரை உண்டவரில் 40 பேர். இரண்டையும் சேர்த்துச் செய்தவரிலும் 40 பேருக்கு மேலில்லை. அந்த மெட்ஃபார்மினுக்கே ஐரோப்பாவின் கலேகா என்னும் ஒரு நாட்டுச் செடிதான் முன்னோடி. 1957இல் பாரிஸில் ஜான் ஸ்டெர்ன் அதை நோயாளருக்குக் கொடுத்து எழுதினார். மூலிகை வழியில் பிறந்த மாத்திரையும், நம் பாட்டிமார் வற்புறுத்திய பத்தியமும் ஒரே களத்தில் சமமாக நின்ற காட்சி அச்சென்னை ஆய்வு.

நான் மூலிகைகளையே கூண்டில் ஏற்றுவதாக எவரும் எண்ணலாகாது. ஆங்கில வைத்தியம் செய்த பிழைகளுள் ஒன்றைக் கேளுங்கள். மாரடைப்புக்குப் பின் இருதயத் துடிப்பில் தோன்றும் ஒழுங்கீனம் திடீர் மரணத்துக்கு அறிகுறி என்பது தெரிந்த விஷயம். என்கனைடு, ஃபிளகனைடு என்னும் மருந்துகள் அந்த ஒழுங்கீனத்தை அடக்கின. ஆகவே உயிரைக் காக்கும் என்று தர்க்கரீதியாக முடிவு செய்து கொடுத்து வந்தார்கள். தர்க்கத்தில் குறை சொல்ல இடமில்லை. அமெரிக்காவில் சோதனை செய்யத் தொடங்கி, 1989இல் பாதியிலேயே நிறுத்தினார்கள். காரணம், மருந்துண்ட 755 பேரில் 63 பேரும், வெறுமாத்திரை உண்ட 743 பேரில் 26 பேருமே இறந்திருந்தார்கள். இருதயப் படத்தில் கோடுகள் அழகாயின, மனிதர்கள் மாண்டார்கள். சர்க்கரையின் எண்ணையும் கொழுப்பின் எண்ணையும் மட்டுமே பார்த்து மருந்தை மெச்சும் நம் எல்லோருக்கும், எம்முறையைச் சேர்ந்தவராயினும், இச்சோதனையைப் பாடமாக வைத்திட வேண்டும்.

சித்த, ஆயுர்வேத வைத்தியர்கள் எழுப்பும் ஓர் ஆட்சேபம் மதிக்கத்தக்கது. எங்கள் சிகிச்சை நோய்க்கு அன்று, நோயாளிக்கு. வாத தேகிக்கு ஒன்று, பித்த தேகிக்கு வேறொன்று. நூறு பேருக்கும் ஒரே பொடியைக் கொடுத்துச் சோதிப்பது எங்கள் சாஸ்திரத்தைச் சோதிப்பதாகாது என்கிறார்கள். நியாயமான பேச்சு. இதற்கு வழி உண்டு என்பதைக் கோயம்புத்தூரே காட்டியிருக்கிறது. அங்கே ஆயுர்வேத வைத்தியர்களும் அமெரிக்க மூட்டுநோய் நிபுணர்களும் கூடி, முடக்குவாத நோயாளர் 43 பேரை மூன்று பிரிவாக்கினார்கள். வைத்தியர் ஒவ்வொருவரையும் தம் முறைப்படி பரீக்ஷித்து, அவரவர்க்கு உரிய மருந்துகளைத் தாம் விரும்பியபடி எழுதினார். எழுதிய மருந்து மெய்யாகப் போகிறதா, அதே உருவில் மருந்தில்லாத பொருள் போகிறதா என்பது அவருக்குத் தெரியாது. ஆங்கில வைத்தியத்தின் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரைக்கும் அவ்வாறே. 2011இல் வெளியான முடிவில் மூன்று பிரிவும் ஏறக்குறைய ஒரே அளவு தேறியிருந்தன. இரண்டும் சமம் என்று இதைக் கொண்டு கொட்டு முழக்கலாகாது. 43 பேர் மிகவும் சிறு தொகை, மருந்தே இல்லாத பிரிவும் அதில் இல்லை. ஆனால் தனித்தனி மனிதருக்கென்று எழுதும் வைத்தியத்தையும் மறைத்துச் சோதிக்க முடியும் என்பது அங்கே ஐயமற நிலைநாட்டப்பட்டது. அதன் பின்பு பெரிய அளவில் அச்சோதனையை நடத்த நாம் ஏன் ஓடி முன்வரவில்லை?

கேடு செய்யுமா என்பதும் குணம் செய்யுமா என்பதற்குச் சமமான கேள்வி. பெல்ஜியத்தில் உடல் மெலியவைக்கும் ஒரு சிகிச்சையில் சீன மூலிகை ஒன்றுக்குப் பதில் அரிஸ்டோலோகியா இனத்துச் செடி கலந்துவிட, அதை உண்ட பெண்களின் சிறுநீரகங்கள் அழிந்தன. 1993இல் அது வெளியாயிற்று. பின்னர் அவர்களில் பலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றும் கண்டது. நம் ஆடுதீண்டாப்பாளை அவ்வினத்தைச் சேர்ந்ததே. செடி என்பதனால் மட்டும் ஒன்று சாதுவாகிவிடாது. சிறுநீரகம் கெடுவது ஆண்டுகள் கழித்தே தெரிவதால், தலைமுறை அனுபவமும் அதைக் காட்டிக்கொடாது. 2004இல் பாஸ்டன் நகரக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளில் 14இல் ஈயமோ பாதரசமோ பாஷாணமோ இருந்தது. முறைப்படி சுத்தி செய்து புடமிட்டால் அவை நஞ்சல்ல என்பது வைத்தியர்களின் கொள்கை. அவ்வாறெனில் புடமிட்ட மருந்தை உண்டவரின் இரத்தத்தை அளந்து காட்டுவதே அதற்குத் தக்க நிரூபணம்.

நம் சட்டத்தின்படி, பழைய நூல்களில் சொல்லப்பட்ட முறைப்படியே தயாரிக்கும் மருந்துக்கு, உரிமம் பெறுமுன் நோயாளிகளிடம் சோதித்துக் காட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. அதை மாற்றச் சட்டம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. செய்வதற்கு வேண்டிய வசதி தமிழ்நாட்டில் ஏற்கெனவே அமைந்திருக்கிறது. அரசாங்க மருத்துவமனைகள் பலவற்றில் ஒரே வளாகத்துக்குள் ஆங்கில வைத்தியமும் சித்த வைத்தியமும் நடைபெறுகின்றன. ஒரு வாயிலில் நின்று கேட்டால் இருவகை நோயாளரும் கிடைப்பார்கள்.

ஓர் உதாரணம் கூறி அமைகிறேன். காளாஞ்சகப்படை எனப்படும் சொரியாசிஸுக்கு, வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயில் ஊறவைத்து வெயிலில் காயவைத்து, ஊதா நிறம் ஏறியதும் பூசுவது சித்த வைத்தியரின் வழக்கம். பூசியவர் பலர் குணம் கண்டதாகச் சொல்கிறார்கள். தேங்காய் எண்ணெய்க்கே செதிலை இளக்கும் தன்மை உண்டு; அப்படை தானாகவும் மழைக்கும் வெயிலுக்கும் ஏறி இறங்கும். ஆகையால் ஒரு பிரிவுக்கு வெட்பாலை எண்ணெய். மற்றொரு பிரிவுக்கு, கெடுதல் செய்யாத சாயத்தால் அதே ஊதா நிறமூட்டிய வெறும் தேங்காய் எண்ணெய். மூன்றாவது பிரிவுக்கு மருத்துவர் வழக்கமாகத் தரும் களிம்பு. களிம்பின் நிறமும் மணமும் அதை எண்ணெயிலிருந்து காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே படையின் பரப்பை அளப்பவர் யார் எதைப் பூசுகிறார் என்று அறியாதவராக, சிகிச்சையில் சம்பந்தப்படாதவராக இருத்தல் வேண்டும். அளக்க வரும் நாளில் நோயாளி உடம்பைத் துடைத்து, ஊதாக் கறை போக்கி வரவேண்டும். இலையை எந்த ஊரில், எந்த மாதத்தில் பறித்தது என்பதைச் செடியறிந்த ஒருவர் எழுதிவைத்து, மாதிரியையும் பாதுகாக்க வேண்டும். பனிக்காலமும் கோடையும் உள்ளடங்க ஓராண்டாவது நடத்த வேண்டும். முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே, 2007 முதல் நடைபெற்று வரும் இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில், எதை அளப்போம், எப்பொழுது அளப்போம் என்பதைப் பதிந்துவிட வேண்டும். முடிவு வெட்பாலைக்குச் சாதகமாயினும் பாதகமாயினும் தமிழிலும் அச்சிட வேண்டும். இதற்கு ஆகும் செலவு பெரியதன்று. இவ்வறக்கட்டளையின் அறங்காவலர்கள் மனம் வைத்தால், இங்கே அமர்ந்திருக்கும் சித்த வைத்தியக் கல்லூரி ஆசிரியர்களும் தோல் வைத்திய நிபுணர்களும் ஒரே மேசையில் கூடி, அடுத்த வெட்பாலைப் பருவத்துக்கு முன்பே இதற்கான திட்டத்தை எழுதி முடித்துவிடலாம்.